தென்னையில் தேமலா? மண்ணூர்பேட்டையில் ஒரு நடை

‘தென்னைத் தண்டுல சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு பரவுது. என்ன மருந்து அடிக்கலாம்?’ கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இந்தத் திட்டைப் பார்க்கத் தோப்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சென்னையில் பாடியைத் தாண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையிலேயே பார்க்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் லாரிப் புகைதான். சாலையோர மரங்களின் பட்டையில் கறுப்புத் தூசு அப்பியிருக்கிறது. உள்தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக் கொல்லைகளில் பழைய தென்னையும் மாமரமும் நிற்கின்றன. அவற்றில்தான் அந்தத் திட்டுகள். “மரத்துக்குத் தேமல் வந்திருக்குங்க” என்றார் ஒரு வீட்டம்மா. பொருத்தமான பெயர்தான். ஆனால், இது நோய் இல்லை.

பாடப்புத்தகத்தில் லைக்கன் என்று படித்திருப்பீர்கள். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மரத்தின் சாறு இரண்டுக்குமே தேவையில்லை. ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் போதும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். திட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் வெள்ளை மாறி, உள்ளேயிருக்கும் பாசியின் பச்சை தெரியும். ஓரம் சின்னச் சின்ன மடலாகப் பட்டையோடு ஒட்டி, நடுவில் மாவு பூத்திருந்தால் அது பெரும்பாலும் பிக்சின் கொக்கோயஸ் அல்லது அதன் உறவுக்கார இனம். கொக்கோயஸ் என்ற பெயரிலேயே தென்னை இருக்கிறது. நகரத்துப் புகையையும் ஓரளவு தாங்கும் இனம் என்பதால் காற்று மாசை அளக்க நம் விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பல லைக்கன்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பாரிஸ் நகரத் தோட்டத்தில் லைக்கன்கள் குறைவதை நைலாண்டர் என்பவர் 1866-லேயே கவனித்து எழுதினார்.

நசுக்கினால் பிசுபிசுத்து, எறும்பும் ஊர்ந்தால் அது மாவுப்பூச்சி. மா, கொய்யா இலையில் செம்பழுப்பு வெல்வெட் புள்ளி இருந்தால் அது செந்துரு நோய். தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் தாமதிக்காதீர்கள். தஞ்சாவூர் வாடலாக இருக்கலாம். வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.

லைக்கனுக்கு மட்டும் மருந்து வாங்குவது வீண் செலவு. சுரண்டவும் வேண்டாம், பட்டைதான் காயப்படும். காய்ப்புக் குறைந்த மரத்தில் திட்டு அதிகமாகத் தெரிகிறதே என்பீர்கள். இலை குறைந்து தண்டில் வெயில் விழுவதால் அது செழிக்கிறது. மரம் மெலிந்த காரணத்தை வேரிலும் தண்ணீரிலும் உரத்திலும் தேடுங்கள்.

செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது மலைப்பகுதியில் வளரும் வேறு இனம். கொல்லை மரத்துத் திட்டைச் சுரண்டிக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.