இரண்டு புள்ளி

ஒரு சின்ன உடற்பயிற்சி. 'ஊ' என்று சொல்லப்போவது போல உதட்டைக் குவியுங்கள். குவித்த உதட்டை அசைக்காமல் 'ஈ' என்று சொல்லுங்கள். (பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்வது உத்தமம்.) ஊவும் இல்லாமல் ஈயும் இல்லாமல் ஒரு சத்தம் வருகிறதல்லவா? ஜெர்மன்காரர்கள் 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் அதுதான். 'ஓ'வுக்குக் குவித்து 'ஏ' சொன்னால் புள்ளி வைத்த ஓ. மூன்றாவது சுலபம், அகரம் எகரமாகிவிடும், அவ்வளவுதான்.

இந்த விவகாரத்துக்குப் பெயர் உம்லாவ்ட். மோட்டார்ஹெட் என்கிற இங்கிலாந்து ராக் கோஷ்டி சும்மா அழகுக்காகத் தன் பெயரில் இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் அப்படி விளையாட முடியாது. 'ட்ஸாலன்' என்றால் பணம் கொடுப்பது. புள்ளி வைத்து 'ட்ஸேலன்' என்றால் எண்ணுவது. கடைக் கதவில் 'தள்ளு' என்று எழுதியிருக்கும் வார்த்தையில் புள்ளியை எடுத்துவிட்டால் 'அச்சடி' என்று ஆகிவிடும். மே மாதத்துச் சென்னைபோல வானிலை புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. அதில் புள்ளியை விழுங்கினால் 'ஆண்களை விரும்பும் ஆண்' என்று அர்த்தம். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் பேச நினைத்தது வெயிலைப் பற்றி!

சில இடங்களில் புள்ளி நம்முடைய 'கள்' வேலையையும் பார்க்கிறது. 'ஃபாட்டர்' ஒரு அப்பா, 'ஃபேட்டர்' பல அப்பாக்கள்.

இது எப்படி வந்தது? பழைய ஜெர்மனில் 'கஸ்ட்' என்றால் விருந்தாளி. பன்மைக்குக் கடைசியில் ஒரு இகரம் சேர்ந்தது. பின்னால் இகரம் வருகிறது என்று தெரிந்த நாக்கு, முன்கூட்டியே தயாராகி, 'கஸ்ட்டி'யை 'கெஸ்ட்டி' ஆக்கிவிட்டது. நாளாவட்டத்தில் அந்த இகரம் தேய்ந்துபோயிற்று. அது செய்துவிட்டுப் போன மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஃபுட், ஃபீட் ஆவதும் இதே சங்கதிதான்.

சிரிக்காதீர்கள், நாமும் இதைத்தான் செய்கிறோம். இலையை 'எலை' என்கிறோம், குடத்தைக் 'கொடம்' என்கிறோம். பின்னால் வரும் ஐயும் அகரமும் முன்னால் இருக்கும் இகர உகரத்தைக் கீழே இழுக்கின்றன. நல்லவேளை, நமக்கு அர்த்தம் மாறுவதில்லை. எலை போட்டாலும் சாப்பாடு வந்துவிடும்.

புள்ளிக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. முதலில் மேலே குட்டியாக ஒரு 'இ' எழுத்தை, அதாவது ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தை, எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் அது இரண்டு கோடு மாதிரி இருக்கும். அவசரத்தில் கோடுகள் குறுகிப் புள்ளிகளாயின. அதனால்தான் புள்ளி வைக்க வசதியில்லாதபோது பக்கத்தில் ஒரு 'இ'யைச் சேர்த்து எழுதுகிறார்கள். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவன் பலகையைப் பார்த்தால், ஆங்கில எழுத்தில் 'முல்லர்' பெயருக்குள் யுவுக்குப் பின்னால் ஒரு 'இ' உட்கார்ந்திருக்கும். அது இறக்கிவைத்த புள்ளி. 1823ல் டெஸ்ஸாவில் பிறந்து, ரிக்வேதத்தைப் பதிப்பித்து, இந்தியாவுக்கு ஒரு முறைகூட வராத அந்த மனுஷரின் பெயர், அவர் சார்பில் வந்து சேர்ந்தது புள்ளி இல்லாமல்!

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நர்ஸ். ஜெர்மனி வேலைக்காக ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பாஷை படிக்கிறாள். அங்கே நர்ஸாகப் பதிவு பெறப் பெரும்பாலும் பி2 நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். "அங்கிள், வினைச்சொல்லில் வர்ற புள்ளிதான் பயமா இருக்கு" என்றாள். நியாயமான பயம். 'ஹட்ட' என்றால் 'இருந்தது'. 'ஹெட்ட' என்றால் 'இருந்தால்'. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் "இவருக்குக் காய்ச்சல் இருந்தது" என்பதற்கும் "இருந்தால்" என்பதற்கும் நடுவே ஒரு நோயாளி படுத்திருக்கிறார். "கையைத் தூக்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் புள்ளி போனால் "தூக்க முடிந்ததா?" ஆகிவிடும். வலியோடு இருக்கிற பெரியவர் எதற்குப் பதில் சொல்வார்?

யோசித்துப் பாருங்கள். நடந்துபோனதற்கும், நடந்திருக்கலாமே என்று நாம் ஏங்குவதற்கும் நடுவே அந்த மொழியில் இருப்பது பல இடங்களில் இந்த இரண்டு புள்ளிதான். ஜெர்மன்காரர்களுக்கும் அந்த ஏக்கம் அலுத்துப்போயிருக்க வேண்டும். "ஹெட்ட, ஹெட்ட, ஃபாராட்கெட்ட" என்று ஒரு கிண்டல் வைத்திருக்கிறார்கள். 'இருந்தால், இருந்தால், சைக்கிள் செயின்!' எதுகைக்காகச் சேர்ந்த செயின். வேறு அர்த்தம் கிடையாது. 2013 தேர்தலில் பிரதமர் பதவிக்கு நின்ற பேர் ஸ்டைன்ப்ருக் ஒரு பேட்டியில் சொல்லப்போய், நாடு முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது.

நர்ஸ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா, அதானே அங்கிள்?" என்றாள்.

அதேதான். ஆனால் ஜெர்மனில் சொல்லும்போது ஜாக்கிரதை. புள்ளியை விட்டுவிட்டால் அத்தைக்கு மீசை முளைத்தே விட்டது என்று ஆகிவிடும்.