லீப்சிக்கில் ஓர் ஓர்கன் கச்சேரி

மேலைத்தேய சங்கீதம் குறித்து எழுதுவதற்கு எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. நான்கு தசாப்தங்களுக்கும் மேலாக அரசியல் செய்திகளுடன் மல்லுக்கட்டியவன் நான். ஆனாலும், சில வருடங்களுக்கு முன்னர் ஜேர்மனியின் லீப்சிக் நகரில் புனித தோமஸ் தேவாலயத்தில் கேட்ட ஓர்கன் கச்சேரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னை அழைத்துச்சென்ற நண்பர் அந்த நாட்டில் நீண்டகாலமாக வாழ்பவர். "அண்ணை, வாசிக்கிற ஆளைத் தேடாதேங்கோ. இங்கையிருந்து தெரியாது. சும்மா கேளுங்கோ" என்றார்.

1539 ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த ஆலயம் அது. ஜொஹான் செபஸ்தியான் பாஹ் 1723 தொடக்கம் 1750 இல் இறக்கும்வரை அங்கு இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். அவரது எச்சங்கள் 1950 இல் அங்கு கொண்டுவரப்பட்டன. அந்தக் கல்லறையின் மேல் யாரோ மலர்கள் வைத்திருந்தார்கள்.

பியானோவில் எழும் சுரம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஓர்கனிலோ விசையை அழுத்தியிருக்கும்வரை குழாய்க்குள் காற்று சென்றுகொண்டேயிருக்கும், ஒலியும் குறையாது. கால்களால் வாசிக்கப்படும் அடித்தொனிகள் காதுக்கு எட்டுவதற்கு முன்னரே வாங்கின் பலகை வழியாக முதுகில் அதிர்ந்தன. கோவில் தவிலை அருகில் நின்று கேட்டவர்களுக்கு அது புரியும்.

அங்கே பெரிய ஓர்கன்கள் இரண்டு உள்ளன. மேற்கு மாடத்தில் இருப்பது 1889 இல் அமைக்கப்பட்டது. பாஹின் இசைக்கு அதன் தொனி பொருந்தாது என்று கருதப்பட்டதால், அவர் மறைந்து 250 வருடங்கள் நிறைவடைந்த 2000 ஆம் ஆண்டில் வடக்கு மாடத்தில் மற்றொன்றை நிறுவினார்கள். அந்தப் புதிய ஓர்கனின் முகப்பு, அதே நகரில் இருந்த பல்கலைக்கழகத் தேவாலயத்தின் பழைய ஓர்கனைப் போன்று வடிவமைக்கப்பட்டது என்று நண்பர் மெதுவாகச் சொன்னார்.

அந்தத் தேவாலயம் இரண்டாவது உலகப்போரில் தப்பிப்பிழைத்தது. ஆனால், கிழக்கு ஜேர்மன் ஆட்சியாளர்கள் 1968 மே 30 ஆம் திகதி அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகரசபையில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரேயொருவர். மூன்று வாரங்கள் கழித்து, சர்வதேச பாஹ் போட்டியின் நிறைவு விழா மேடையில், தேவாலயத்தின் படத்துடன் அதை மீளக்கட்டுமாறு கோரும் ஒரு பதாகை தானாகவே விரிந்தது. இளம் பௌதிகவியலாளர்கள் சிலர் மணிக்கூட்டுப் பொறியொன்றைப் பொருத்தி வைத்த வேலை அது. சபையோர் நெடுநேரம் கரகோஷம் செய்தார்களாம்.

அதற்குப் பிறகு எனக்குக் கச்சேரியில் மனம் செல்லவில்லை. 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள். 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களிலேயே எரிக்கப்பட்டது. அந்தச் செய்திகளை எழுதவேண்டிய தருணத்தில் என் பேனாவில் இருந்து எவ்வளவு குறைவாக வந்தது என்பது எனக்குத் தெரியும். பதாகை கட்டும் துணிச்சல் அன்று என்னிடம் இருக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் "எப்படி அண்ணை?" என்று நண்பர் கேட்டார். தகர்க்கப்பட்ட அந்த இடத்துக்குக் கூட்டிச்செல்லுமாறு கேட்டேன். பத்து நிமிட நடை. பழைய தேவாலயத்தை நினைவூட்டும் வடிவில் கட்டப்பட்டு 2017 இல் திறக்கப்பட்ட புதிய மண்டபம் அங்கே நிற்கிறது. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம்.