வருமோ, வராதோ: திகனவின் எரிபொருள் வரிசை

எரிபொருள் தட்டுப்பாடு என்று ஒரே பெயரால் வழங்கப்படும் நிலைமைக்குள் இருவேறு நோய்கள் அடங்கியுள்ளன. நாட்டுக்கு வரவேண்டிய எண்ணெய் வராமற்போவது ஒன்று. வந்த எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்றஞ்சி ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் நிரப்பிக்கொள்வது மற்றொன்று. பின்னதைப் பதற்றக் கொள்வனவு எனலாம். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ 26 நெடுஞ்சாலையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அருகே அமைந்த திகனவுக்குக் கடல் கடந்து வாழவரும் தமிழர், ஊரில் தாம் 'பெட்ரோல் பங்க்' என்றது இங்கு 'பெற்றோல் ஷெட்' எனவும், எண்ணெய் ஏற்றிவரும் டேங்கர் லாரி 'பவுசர்' எனவும் வழங்குவதை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். 'பவுசர் வருகிறது' என்ற செய்தி இவ்வூராரிடம் எழுப்பும் பரபரப்பின் காரணம் விளங்கவேண்டுமாயின், 2022ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டின் தட்டுப்பாடு கற்பனையன்று. இலங்கை தனக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் டொலர் கொடுத்தே வாங்குகிறது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அதாவது இறக்குமதிக்கும் கடனுக்கும் செலுத்த நாட்டிடம் உள்ள வெளிநாட்டு நாணயம், வற்றிப்போனபோது எண்ணெயும் வற்றியது. பெப்ரவரியில் இந்தியா எரிபொருளுக்கென 50 கோடி டொலர் கடன் வசதி அளித்தும் நெருக்கடி தீரவில்லை. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், படிப்படியாக ஏறி ஜூன் 26 அன்று 470 ரூபாயைத் தொட்டது. மறுநாள், ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது.

அதற்கு முன்பே வரிசை உயிர்களைக் குடிக்கத் தொடங்கியிருந்தது. மார்ச் மாதத்தில் கண்டியிலும் கடவத்தையிலும் வரிசையில் நின்ற முதியவர்கள் இறந்தனர். அதனையடுத்து நிரப்பு நிலையங்களில் இராணுவத்தினர் நிறுத்தப்பட்டனர். கொழும்பு–கண்டி ரயில் பாதையிலுள்ள ரம்புக்கனையில், எரிபொருள் கேட்டுப் பாதையை மறித்தவர்கள் மீது ஏப்ரல் 19 அன்று பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார்.

உண்மையான தட்டுப்பாட்டின் மீது பதற்றம் ஏறிக்கொள்ளும் விதத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 6,600 லீற்றர் கொண்ட பவுசர் ஒன்று ஷெட்டுக்கு வருவதாகக் கொள்வோமாயின், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஒரு வாரத் தேவையென 4 லீற்றர் பெற்றால் 1,650 பேருக்கு அது போதும். அடுத்த பவுசர் எப்போது வருமென்று தெரியாத அச்சத்தில் ஒவ்வொருவரும் 10 லீற்றர் நிரப்பினால் 660 பேரோடு தீரும். எஞ்சிய 990 பேர் வெறுங்கையோடு திரும்புவர். எண்ணெயின் அளவு மாறவில்லை, ஷெட்டின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வண்டிகளின் தாங்கிகளுக்கு இடம்பெயர்ந்தது மட்டுமே. அஞ்சியவாறே நடந்துவிடுவதால் அஞ்சியவரின் முன்யோசனையே சரியென்று தோன்றுகிறது. வங்கி திவாலாகும் என்ற வதந்தியை நம்பிப் பலரும் பணத்தை எடுக்க விரைவதாலேயே வங்கி திவாலாவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் விளக்கி, அதனைத் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் முன்கணிப்பு என்றார்.

எனினும் தட்டுப்பாடு எல்லா இடங்களிலும் வரிசையைப் பிறப்பித்துவிடுவதில்லை என்பதற்கு இதே நாட்டில் சான்று உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில் பெற்றோல் ஏறத்தாழ இல்லாதொழிந்தபோது, மக்கள் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினர். மின்சாரமற்ற வீடுகளில் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் இட்டுச் சிறிதளவு எண்ணெயில் விளக்கேற்றினர். சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். இல்லவே இல்லையென்று உறுதியாகத் தெரிந்த பொருளுக்காக எவரும் இரவு முழுதும் காத்துக் கிடப்பதில்லை. வருமோ, வராதோ என்ற ஐயமே மனிதரை வீதியோரத்தில் உறங்க வைக்கிறது.

அவ்வையத்தை அகற்றியதே 2022 ஓகஸ்ட் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தேசிய எரிபொருள் அனுமதி அட்டையின் பணி. வாகனப் பதிவோடு இணைந்த கியூ.ஆர். குறியீட்டை ஷெட்டில் காட்டினால் வாரப் பங்கு கிடைக்கும்; தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அட்டை ஒரு துளி எண்ணெயையும் கொண்டுவரவில்லை; முச்சக்கர வண்டியால் பிழைப்போருக்கு 5 லீற்றர் போதவுமில்லை. ஆயினும் இன்று கிடைக்காதது நாளை தன் பங்காகவே இருக்குமென்ற உறுதி, முந்திக்கொள்ளும் தேவையைக் குறைத்தது, வரிசை சுருங்கியது. வழங்கல் சீரடைந்தபின் 2023 செப்டெம்பர் 1 முதல் இப்பங்கீடு நீக்கப்பட்டது.

பங்கீடு போனபின் பழைய ஐயம் எவ்வளவு அருகில் உறங்குகிறது என்பதை 2025 மார்ச் தொடக்கம் காட்டியது. 3 விழுக்காட்டுத் தரகுப்பணம் நீக்கப்படுவதை எதிர்த்து, புதிய கொள்வனவுக் கட்டளைகளை இடுவதில்லையென நிரப்பு நிலைய உரிமையாளர்கள் அறிவித்ததும், போதிய இருப்பு உண்டென்று அரசு கூறியும் வரிசைகள் உடனே முளைத்தன. இது ஏழை நாட்டின் குணமென்று கருதுவதற்கில்லை. 2021 செப்டெம்பரில் லாரி ஓட்டுநர் பற்றாக்குறைச் செய்தியொன்றே பிரித்தானியாவின் பல நிலையங்களைச் சில நாட்களில் வற்றச் செய்தது.

திகனவுக்கு வதந்தியின் விலை முன்பே தெரியும். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை இங்கு வெடித்தபோது, பொய்ச்செய்தியும் வெறுப்புப் பேச்சும் பரவாதிருக்கச் சமூக ஊடகங்களையே அரசு முடக்கியது. வாயை அடைப்பதால் ஐயம் தீர்வதில்லை என்பதை ஷெட்டின் முன் நிற்கும் வரிசையும் சொல்கிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்குவதைக் கரையில் நிற்கும் எவரும் கண்ணால் காணலாம். ஷெட்டின் நிலத்தடித் தொட்டியில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதோ, அதனுள் அளவுகோலை இறக்குபவர் ஒருவருக்கே தெரிகிறது.