கேலாங்கில் இரண்டு போல்ட்

சிஸ்ஸுவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வண்டி உட்கார்ந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது. சைடு ஸ்டாண்டில் நின்ற புல்லட், யாரும் தொடாமலே கொஞ்சம் சாய்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் கண்ணாடி நொறுங்கும் சத்தத்தோடு இடது பக்கமாகப் படுத்துவிட்டது. ஐந்து நிமிடம் முன்புவரை கடைக்கார அம்மாவின் பையன் அதே இடத்தில் நின்று, அந்தக் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வயதிருக்கும். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. பையனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். டீக்குக் காசு கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குனிந்து பார்த்தால், ஸ்டாண்டைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளும் முறிந்திருந்தன. ஸ்டாண்ட் வெறும் ஸ்பிரிங்கில் தொங்கியது. நடு ஸ்டாண்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மூட்டைகளோடு 200 கிலோவைத் தாண்டும் வண்டியை 10,000 அடி உயரத்தில் நடு ஸ்டாண்டில் ஏற்றினால் மூச்சு வாங்கும். சோம்பல்தான், வேறென்ன.

தொங்கும் ஸ்டாண்ட் சின்ன விஷயமல்ல. இடது வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் இடறினால் பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். லாஹௌலில் வளைவு தப்பினால் கீழே சந்திரா நதி. உடன் வந்த புகைப்படக்காரர் தன் காமிரா வாரைக் கழற்றிக் கொடுத்தார். ஸ்டாண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு முப்பது கிலோமீட்டரை நடைவேகத்தில் ஓட்டினேன். சந்திராவும் பாகாவும் கலந்து செனாப் ஆகும் தாண்டி வழியில் வருகிறது. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எச்சரித்த பலகையால் பெயர் பெற்ற ஊர். மற்ற நாளாக இருந்தால் நின்றிருப்போம். அன்று நிற்க வழியில்லை. நின்றால் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேலாங், பாகா நதிக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். எதிர்ச் சரிவில் கர்தாங் மடாலயம். நடுவே பட்டாணி வயல்கள், வில்லோ மரங்கள். 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் திறக்கும்வரை, பனிக்காலத்தில் ரோஹ்தாங் கணவாய் மூடினால் இந்தப் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் தனித்துக் கிடந்தது. எதையும் தூக்கிப் போடாத பழக்கம் அதனால் வந்ததோ என்னவோ, மிஸ்திரியின் பட்டறைச் சுவரெல்லாம் பழைய ஆணிகளும் சங்கிலிகளும் கிளட்ச் கம்பிகளும் தொங்கின. அவர் மண்டிப் பக்கத்துக்காரர். கோடையில் மட்டும் மேலே வருகிறவர்.

முறிந்த இரண்டு முனைகளையும் விளக்கு வைத்துப் பார்த்தார். ஒன்று பளபளத்தது. மற்றது துருவேறியிருந்தது. "பாய் சாப், இது இன்றைக்கு உடைந்தது. அது உடைந்து நாளாகிறது. நீங்கள் ஒற்றை போல்ட்டில்தான் நின்றிருக்கிறீர்கள்."

அதைக் கேட்டதும் தில்லி நினைவுக்கு வந்தது. எங்கள் குடியிருப்பில் இந்த வண்டி நிற்கும் சந்தில்தான் பிள்ளைகள் மாலையில் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

காரணத்தையும் அவரே சொன்னார். கீழே கிடைத்த போல்ட் தலையில் எந்த எண்ணும் இல்லை. நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். அது உறுதியின் தரம். எண் இல்லாதது பெரும்பாலும் மெத்தென்ற இரும்பு. புறப்படும் முன் சர்வீஸ் செய்த கடையில் இதைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் பங்கும் உண்டு. சைடு ஸ்டாண்டில் சாய்த்தபடியே ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைப்பது என் வழக்கம். உதைக்க உதைக்க நட் தளரும். இறுக்கம் போனபின் எல்லா ஆட்டமும் போல்ட்டையே வளைக்கும். வளைந்து வளைந்து அது ஒருநாள் முறியும்.

"சூடி மர் கயீ" என்றார் மிஸ்திரி, துளைக்குள் விரல் விட்டு. இந்தியில் திருகின் மரைக்கு வளையல் என்று பெயர். தேய்ந்துவிட்டால் வளையல் செத்துப்போயிற்று. எங்கள் ஊரில் மரை கழன்றது என்று சொன்னால் யாரும் வண்டியைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்ப்பார்கள். இதைச் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சட்டத்துக்குள் சிக்கிய துண்டுகளை எடுப்பதுதான் பெரிய வேலை. சாதாரணமாக துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து ஸ்பேனரால் திருகிவிடுவார்கள். அன்று மின்சாரம் இல்லை. டீசலை ஊற்றி ஊறவைத்தார். பஞ்ச் வைத்து நடுவில் ஒரு புள்ளி அடித்தார். கைத் துரப்பணத்தால் சிறு துளை போட்டு, இடப்புற மரை கொண்ட 'ஈஸி அவுட்' என்ற கருவியை இறக்கினார். பெயரில்தான் ஈஸி. எஃகு மிகக் கடினம், ஆனால் நொறுங்கக்கூடியது. உள்ளே உடைந்தால் துரப்பணமும் அதைத் தொடாது. ஆகவே கால் சுற்று, நிறுத்தம், டீசல், மறுபடி கால் சுற்று. முதல் துண்டுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு டேப் விட்டு மரையைச் சீர்செய்தார். வளையலுக்கு உயிர் வந்தது.

அளவுக்கு ஏற்ற 8.8 அவரிடம் இல்லை. எண் இல்லாத போல்ட் ஒரு டப்பா நிறைய இருந்தது. "இப்போதைக்கு இதையே போடுங்களேன், லே போய் மாற்றிக்கொள்கிறோம்" என்றேன். லே இன்னும் 360 கி.மீ.; நடுவே நான்கு கணவாய்கள், நான்கும் 15,000 அடிக்கு மேல். பருவம் முடியும் நேரம். ஒரு நாள் தாமதம்கூட எங்களுக்குப் பயமாக இருந்தது. அவர் டப்பாவை மூடிவிட்டார். மணாலிக்குப் போன் செய்து, மறுநாள் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்.

பஸ் மதியம் வந்தது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். இரண்டு போல்ட், இரண்டு நட், ஸ்பிரிங் வாஷர்கள். பூட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டியதும் மிஸ்திரி வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் வழக்கம்போல ஏறி உட்காரப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் நிமிர்த்து, ஸ்டாண்டை மடக்கு, பிறகு உதை.

ஐம்பது கிலோமீட்டர் போனதும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லி ஒரு பழைய ஸ்பேனரையும் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஜிங்ஜிங்பாரை நெருங்கும்போது நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டேன். மேல் போல்ட் அசையவில்லை. கீழ் போல்ட் கால் சுற்று ஏறியது.