பதிவேட்டில் ஒரு வரி

எங்கள் மதரஸாவின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. அவற்றைக் கொண்டு வரலாற்று இணையதளம் அமைக்க ஓர் இளைஞர் முன்வந்தார். கணினி அவருக்குக் கைவந்த கலை; ட, ள, ண முதலிய தமிழ் ஒலிகளுக்கென அரபெழுத்தில் கூட்டிய புள்ளிகளைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

ஹிஜ்ரி 1340 ஷவ்வாலை அவர் 1921 எனப் பதிந்திருந்தார். அவ்வாண்டு பிறந்தது 1921 செப்டம்பரில். ஷவ்வால் வந்ததோ 1922இல். திருத்தினோம். அப்பக்கத்திலேயே என் பாட்டனாரின் பெயர்! எதிரே, 'எத்தீம், சோறு இனாம்'. எங்கள் வீட்டில் எவரும் சொல்லாத செய்தி.

"இவ்வரியை விட்டுவிடலாமா, ஹஜ்ரத்?" என்றார்.

மற்றப் பிள்ளைகளின் வரிகளுக்கு நாங்கள் அப்படித் தயங்கியதில்லை. "உள்ளபடியே இருக்கட்டும்" என்றேன். அஸருக்குப்பின், மற்றவர்களின் பேரன்மாரிடமும் சம்மதம் கேட்க இருவரும் புறப்பட்டோம்.