இரு அளவுகோலும் ஒரு வெப்பமும்

எண்ணைக் கற்றவர் எல்லாரும் அளவைக் கற்றவர் ஆகிவிடுவதில்லை. ‘நாற்பது பாகை’ என்று ஒருவர் கூறினால், அது கடுமையானதா மென்மையானதா என்று நம்மால் சொல்ல இயலுமா? செல்சியஸ் அளவில் அது உடலை வாட்டும் கடுங்காய்ச்சல். பாரன்ஹீட் அளவிலோ குளிர்பெட்டிக்குள் நிலவும் குளிர். எண் ஒன்று, பொருள் வேறு. வெப்பநிலைப் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் முதலில் மாணவர் நெஞ்சில் பதிக்க வேண்டிய உண்மை இதுவேயாகும்.

பாரன்ஹீட் என்னும் அறிஞர் தம் அளவுமுறையை 1724ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று வழங்கும் வடிவில், அம்முறையில் நீரின் உறைநிலை 32, கொதிநிலை 212. சுவீடன் நாட்டு வானியலறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் அதே இடைவெளியை நூறு பகுதிகளாக வகுத்தார். அவர் முதலில் கொதிநிலையைச் சுழியம் என்றும் உறைநிலையை நூறு என்றும் குறித்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. பின்னரே அது தலைகீழாக்கப்பட்டது. இதைச் சொன்னவுடன் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பினூடே, இவ்வளவைகளில் சுழியம் எங்கே நிற்பது என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடே என்று உணர்ந்துகொள்வார்கள்.

அளவு மாற்றங்கள் மூவகைப்படும். கிறித்து ஆண்டோடு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு கிடைக்கிறது. இங்குத் தொடக்கம் மட்டுமே வேறு. மீட்டரைச் சென்டிமீட்டராக்க நூறால் பெருக்குகிறோம். இங்குப் படியின் அளவு மட்டுமே வேறு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஹிஜ்ரி ஆண்டும் உண்டு. அதன் தொடக்கம் கி.பி. 622, ஓர் ஆண்டுக்கு நாட்களோ 354 அல்லது 355. தொடக்கமும் வேறு, படியும் வேறு. வெப்ப அளவுமுறைகள் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. செல்சியஸ் நூறு படிகளில் ஏறும் உயரத்தைப் பாரன்ஹீட் நூற்றெண்பது படிகளில் ஏறுகிறது. ஆகவே ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டுகிறோம்.

திரும்பி வரும்போது முப்பத்திரண்டை முதலில் கழிக்க வேண்டும். ஏன் என்று கேட்கும் மாணவனிடம் நான் அவன் கால்களைக் காட்டுவதுண்டு. காலுறையை முதலிலும் காலணியைப் பின்னரும் அணிந்தவன், கழற்றும்போது எதை முதலில் கழற்றுவான்? அதன்பின் அவன் வரிசையை மறப்பதில்லை.

சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. கோலாலம்பூரில் நண்பகல் வெப்பநிலை 33 பாகை செல்சியஸ், கேமரன் மலையில் 23 பாகை என்று கொள்வோம். வேறுபாடு பாரன்ஹீட் அளவில் எவ்வளவு? பத்தைச் சூத்திரத்தில் இட்டு, ‘ஐம்பது’ என்று பலர் விடை எழுதுவர். இரண்டையும் தனித்தனியே மாற்றினால் 91.4, 73.4 என வரும். வேறுபாடு 18 மட்டுமே. இரு முனைகளிலும் கூட்டிய முப்பத்திரண்டு, கழிக்கும்போது மறைந்துவிடுகிறது. வெப்பநிலை வேறு, வெப்பநிலையின் வேறுபாடு வேறு என்பதை இவ்வொரு கணக்கு விளக்கிவிடும்.

இவை தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் செய்திகள் அல்ல. நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆயினும், சில இல்லங்களில் பழைய பாதரச வெப்பமானி இன்னும் இருக்கின்றது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளி வாயிலில் நாள்தோறும் வெப்பநிலை பார்த்தோம். 37.5 பாகை செல்சியஸைத் தொட்டவரை உள்ளே விடுவதில்லை. அந்நாளில் ஒரு மாணவியைத் திருப்பி அழைத்துச் செல்ல வந்த தாயார், “ராத்திரி வீட்டுல நூத்திரண்டு காட்டுச்சு சார், இப்ப முப்பத்தொம்பதுதானே? காய்ச்சல் எறங்கிடுச்சு” என்று மலர்ந்த முகத்தோடு கூறினார். 39 பாகை செல்சியஸ் என்பது 102.2 பாகை பாரன்ஹீட். காய்ச்சல் சிறிதும் இறங்கவில்லை. அவரை அருகில் அமர்த்தி இரு கோடுகள் வரைந்து விளக்கினேன். அவர் மகளை நேரே மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றார். சில நாட்களில் அச்சிறுமி நலம்பெற்று வகுப்புக்குத் திரும்பினாள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் இரண்டு ஏணிகளை வரையுங்கள். உறைநிலையையும் கொதிநிலையையும் மாணவரே குறிக்கட்டும். படிகளை அவர்களே எண்ணட்டும். இரு ஏணிகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் உண்டா என்று கேளுங்கள். சுழியத்திற்குக் கீழே நாற்பதாம் பாகையில் அவை சந்திப்பதைக் கண்டுபிடிக்கும் மாணவனின் முகத்தைப் பாருங்கள். அவனுக்குச் சூத்திரம் மறந்துபோகலாம். தானே அதை மீண்டும் ஆக்கிக்கொள்வான். எண்ணைக் கேட்டவுடன் ‘எந்த அளவில்?’ என்று வினவும் பழக்கமும் அவனுக்கு வந்துவிடும். நாம் கற்பிக்க வேண்டியது அவ்வினாவையே.