சர்க்கரைக் கரைசலும் ஒரு சிறு விளக்கும்

பதினோராம் வகுப்பில் வேதிப் பிணைப்புப் பாடம் தொடங்கிய வாரத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். அதுவும் ஆய்வுக்கூடப் பதிவேட்டில், மையினால்!

அயனிப் பிணைப்பு எனக்கு எளிதாகவே புரிந்தது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. சகப்பிணைப்பில்தான் தடுமாறினேன். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொன்றிடமும் ஓர் எலக்ட்ரான். இரண்டுமே விட்டுக்கொடுப்பதில்லை, இரண்டையும் நடுவில் வைத்துப் பொதுவாக அனுபவிக்கின்றன. "கொடுக்கல் வாங்கலே இல்லாமல் எப்படியடி ஒட்டிக்கொண்டிருக்கும்?" என்று தோழியைக் கேட்டேன்.

"எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரே கிணறு. இருவருக்கும் அதில்தான் தண்ணீர். யார் விட்டுவிட்டுப் போவார்கள்?" என்றாள்.

நடுவிலுள்ள எலக்ட்ரான் இணையை இரண்டு அணுக்கருக்களும் தம் பக்கம் இழுக்கின்றன, அந்த இழுப்பே பிணைப்பு என்று சிஸ்டர் பிறகு விளக்கினார்கள். ஆயினும் எனக்குக் கிணறுதான் மனத்தில் நின்றது.

இந்தப் பங்கீட்டுக் கருத்தை 1916-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து நாம் வரைவதும் அவர் காட்டிய வழியே. கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கைகளுக்கு அது ஒரு பாரமா? 1919-இல் இதற்குக் 'கோவேலன்ஸ்' என்று பெயரிட்ட இர்விங் லாங்மியூருக்கு, மேற்பரப்பு வேதியியல் ஆய்வுக்காக 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. லூயிஸுக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

சோதனைக்கு வருகிறேன். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு மின்தடை, ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கு, பழைய டார்ச் பேட்டரியிலிருந்து எடுத்த இரண்டு கரித்தண்டுகள். உப்புக் கரைசலில் தண்டுகளை வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்டுகளை நன்றாகக் கழுவிவிட்டுச் சர்க்கரைக் கரைசலில் வைத்தோம். எரியக்கூடாது. சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், ஆக 45 அணுக்கள் சகப்பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. நீரில் கரையும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே தவிர, எந்த மூலக்கூறும் உடைவதில்லை. மின்சாரத்தைச் சுமந்து செல்ல அயனிகள் ஏது?

ஆனால் எங்கள் விளக்கு மங்கலாக எரிந்தது.

நான் 'எரியவில்லை' என்று எழுதினேன். தோழி 'மங்கலாக எரிந்தது' என்று எழுதினாள். "புத்தகத்தைப் பாரடி, மதிப்பெண் போய்விடும்" என்று கடிந்துகொண்டேன். அவள் மாற்றவில்லை.

மறுநாள் சிஸ்டர் இரண்டு பதிவேடுகளையும் படித்தபோது வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்துச் சிரித்தது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஒரே மேசையில் இரண்டு விடையா? நீ கண்ணால் பார்த்தது என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு மணி நேரமாகத் தோன்றியது.

"எரிந்தது, சிஸ்டர்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சிஸ்டர் மூன்று முகவைகளை வைத்தார்கள். காய்ச்சி வடித்த நீரில் விளக்கு எரியவில்லை. அதில் சர்க்கரை கரைத்த பிறகும் எரியவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரில் மட்டும் மங்கலாக எரிந்தது! எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தைய நாள் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்திருந்தது. நான்தான் குழாயில் பிடித்து வந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரைக் கேட்க வேண்டுமா? பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அத்தனையும் உப்புகள். சர்க்கரை மீது ஒரு குற்றமும் இல்லை.

தோழி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "ஹைட்ரஜன் குளோரைடும் சகப்பிணைப்புச் சேர்மம்தானே? அதை நீரில் கரைத்தால் விளக்கு எரியுமா?" என்று கேட்டாள். இருவரும் சிஸ்டரிடம் ஓடினோம். அந்த மூலக்கூறு மட்டும் நீரில் உடைந்து அயனிகளைத் தருமாம். அடுத்த வாரம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இருவரும் ஒரே வாக்கியத்தை எழுதினோம். காய்ச்சி வடித்த நீரை முதலில் தனியாகச் சோதித்த பிறகுதான்.